இடியக்காவின் முழங்கை

எங்கள் தந்தி அலுவலகத்தில் அதிகாரி கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத ஒரே ஆள் இடியக்காதான். மற்றவர்கள் எல்லாம் அவர் தொண்டையைச் செருமினாலே பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பார்கள். இடியக்கா குனிந்தது குனிந்தபடி எழுதிக்கொண்டிருப்பார். அதிகாரி இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தானே நடந்து வந்து மேசைக்கு எதிரில் நின்று கையை ஆட்டுவார். அப்போதுதான் அக்கா நிமிர்ந்து "என்ன?" என்பார். அந்த "என்ன?" தெருவில் சைக்கிளில் போகிறவரையும் பிரேக் பிடிக்க வைக்கும். அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

திமிர் பிடித்தவர் என்று எல்லோரும் சொன்னோம். யாரையும் மதிக்க மாட்டார், எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார் என்று சொன்னோம். உண்மை என்னவென்றால், அவருக்குக் காது கேட்கவில்லை. இது எங்களுக்குத் தெரிய வர வருஷக்கணக்காகியது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களும் எங்களைப் போல ஏமாற வேண்டாம்.

பக்கத்து மேசைக்காரன் என்ற முறையில் அவருடைய கதை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். பிற்பாடு அவரே சொன்னது. சொன்னது என்று சொல்வது மரியாதைக்கு. கத்தியது.

அவருடைய அப்பா தந்திக் கம்பங்களில் ஏறி ஒயர் பழுது பார்க்கிறவர். வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, கரண்டியால் தட்டில் தட்டித் தந்திப் பாஷையில் திட்டுவாராம். இடியக்கா அரிச்சுவடி படிப்பதற்கு முன்பே வசவுகளை எல்லாம் புள்ளியும் கோடுமாகப் படித்து முடித்திருந்தார். அதனால் பள்ளி முடித்த கையோடு தந்தி அலுவலகத்துத் தேர்வு எழுதியபோது, அது அவருக்குச் சாப்பாட்டு நேரம் போலத்தான் இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் அவர் அனுப்பும் வேகத்துக்கு மறுமுனையில் எழுத முடியாமல், "அம்மா தாயே, கொஞ்சம் மெதுவாக" என்று பதில் தந்தி வந்ததாக ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததில்லை.

கல்யாணமும் அந்த மேசையிலேயே அமைந்தது. ஊர்ப் பொது நூலகத்தில் வேலை பார்த்த ஒருவர், மாமாவுக்கு ஒரு தந்தி கொடுக்க வந்தார். நாலு பக்கம் எழுதியிருந்தார். அக்கா அதைப் பேனாவால் வெட்டி வெட்டி நாலு வார்த்தையாக்கிக் கையில் கொடுத்தார். அதிலேயே மனிதர் விழுந்துவிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அந்த மாமாவுக்கு "நலமா", "இங்கே மழை", "அங்கே மழையா" என்று தினம் ஒரு தந்தி போனது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பயந்து பழகிய மாமா, ஒவ்வொரு தடவையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிரித்துப் பார்த்து, கடைசியில் பொறுக்க முடியாமல் நேரில் கிளம்பி வந்து இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டுப் போனார்.

நூலகத்துக்காரர் வேலையே மெல்லப் பேசுவது. அங்கே மற்றவர்களை அதட்டுவதுகூட உதட்டில் விரலை வைத்துத்தான். வீட்டிலும் அதே பழக்கம். சாயங்காலம் தேநீரோடு உட்கார்ந்து, அன்று படித்ததை எல்லாம் மனைவிக்கு மெல்லிய குரலில் சொல்வார். அக்காவுக்கு அந்தக் குரல் மிகவும் பிடிக்கும். முப்பத்தைந்து வயதுக்குப் பக்கத்தில் ஒரு காய்ச்சல் வந்து காதில் சீழ் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு, முதலில் போனது அந்தக் குரல்தான். அதுதானே எல்லாவற்றிலும் மெல்லியது. அப்புறம் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் போனது. அப்புறம் மழை. கணவரிடம் சொல்லியிருக்கலாம். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டதே ஒரு ரகசியமாகிவிட்டது. அவர் பேசும்போது இவர் தலையை ஆட்டுவார். அவர் சிரித்தால் இவரும் சிரிப்பார். அவருடைய அடர்ந்த மீசை உதட்டை முழுக்க மூடியிருந்ததால், வாயசைவைப் பார்த்து ஊகிக்கக்கூட வழியில்லை.

வீட்டில் தலையாட்டிச் சமாளிக்கலாம். வேலையில் எப்படி?

தந்திக் கருவி என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து ஒயரில் வரும் மின்சாரம் வந்து சேரும்போது களைத்துப் போயிருக்கும். ஒரு சின்ன நெம்புகோலை அசைக்கத்தான் அதற்குத் தெம்பு இருக்கும். அந்த நெம்புகோல் அசைந்ததும், எங்கள் அலுவலகத்துப் பாட்டரியிலிருந்து நல்ல மின்சாரம் மேசை மேலிருக்கும் சவுண்டருக்குப் போகும். சவுண்டரில் ஒரு மின்காந்தம், அதன் மேல் ஒரு இரும்புப் பட்டை. மின்சாரம் வந்தால் பட்டை கீழே விழுந்து "டக்". நின்றால் மேலே எழும்பி "டிக்". இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு என்றால் புள்ளி, அதிகம் என்றால் கோடு. அவ்வளவுதான். அதைக் கேட்டு எழுத வேண்டும்.

அக்கா கேட்காமலேயே எழுத ஒரு வழி கண்டுபிடித்தார். பென்சிலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைச் சவுண்டரின் மரப் பலகையில் ஊன்றிக்கொள்வார். டக்கும் டிக்கும் பென்சில் வழியாகப் பல்லுக்குள் வந்துவிடும். எழுத வேறொரு பென்சில். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ மேதையின் தோரணை போல இருந்தது. எழுதுவதில் அவரை விஞ்ச ஆளில்லை என்பதால், ரகசியம் பென்சிலில்தான் இருக்கிறது என்று நாங்கள் முடிவு செய்தோம். கொஞ்ச நாளில் அலுவலகம் முழுக்க ஆளுக்கொரு பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நானும் கடித்தேன். வேகம் கூடவில்லை, வாயில் மரத்தூள்தான் மிச்சம்.

ஆனால் பல்லும் ஒரு அளவுக்குத்தான். பாட்டரி பலவீனமாகிற நாட்களில் டக் மங்கிப்போகும். அப்படி ஒரு நாளில்தான் அந்தக் கோளாறு நடந்தது. ஒரு கடைக்காரருக்கு அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனிடமிருந்து தந்தி. "விடுமுறைக்கு வர வேண்டாம்" என்று அனுப்பியிருக்கிறார். அக்கா எழுதியது, "விடுமுறைக்கு வர வேண்டும்." ஒரே ஒரு எழுத்துதான் மாறியது. கடைக்காரர் நெகிழ்ந்துபோய், மனைவி, மக்கள், மாமியார், மாமியாரின் தங்கை என்று ஒரு படையையே கூட்டிக்கொண்டு போய் விடுமுறை முடியும் வரை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அண்ணன் வீட்டிலிருந்து புகார் வந்தது. அதிகாரி புகார்க் கடிதத்தை நீட்டி விசாரித்தபோது அக்கா, அந்த ஊரில் அனுப்புகிறவனுக்குக் கை சரியில்லை என்று ஒரே போடாகப் போட்டார். அதிகாரி அதை நம்பியும் நம்பாமலும் போனார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறபோது எல்லோருக்கும் கேட்டு எழுதும் தேர்வு ஒன்று வைக்கப் போவதாகச் சுவரில் ஒட்டினார். அன்றிலிருந்து அக்காவின் அதட்டல் இரண்டு மடங்கானது. பயந்தால் அவர் அப்படித்தான்.

இந்த இடத்தில் பாட்டரிக்காரர் வருகிறார்.

அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு நீள அறையில் வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள் இருந்தன. உள்ளே நீலத் தண்ணீர், துத்தநாகத் தகடு, செம்புத் தகடு. அவற்றைக் கழுவுவது, தண்ணீர் விடுவது, தகடு மாற்றுவது எல்லாம் அவர் வேலை. அந்த அறைக்குள் போய் வந்தால் நாக்கில் ஊறுகாய் வைத்தது போலப் புளிக்கும். அவருடைய சட்டைகளில் பொத்தான் துளையைவிட மற்றத் துளைகள் அதிகம். அவர் துணியைத் தன் துணியோடு சேர்த்துத் துவைக்க அவர் மனைவி மறுத்துவிட்டார். அந்த ஜாடிகளை அவர் வெறுத்ததுபோல நான் யாரும் எதையும் வெறுத்துப் பார்த்ததில்லை.

அப்போது ஊருக்குக் கரண்ட் வந்து கொஞ்ச நாளாகியிருந்தது. தெருவிளக்கு எரிந்தது, அதிகாரி அறையில் விசிறி சுற்றியது. கம்பியிலேயே கரண்ட் வந்து நிற்கும்போது, நான் எதற்கு ஜாடி கழுவிச் சாக வேண்டும் என்று பாட்டரிக்காரருக்குத் தோன்றியது. ஆனால் வீட்டுக் கரண்ட் பாட்டரிக் கரண்ட் மாதிரி ஒரே பக்கம் ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும். குணத்தில் எங்கள் அதிகாரி மாதிரி. அதற்கேற்ற மின்காந்தம் சுற்றி, வோல்ட்டைக் குறைக்க ஒரு இரும்புப் பெட்டியும் வைத்தால் போதும், பாட்டரியே இல்லாத சவுண்டர் தயார் என்று அவர் அதிகாரியிடம் போய் நின்றார். அதிகாரிக்கு மின்காந்தத்தில் அக்கறை இல்லை. ஜாடிகள் போனால் அந்த நீள அறை தனக்கு ஓய்வறையாகும், ஒரு சாய்வு நாற்காலி போடலாம் என்பது அவருக்குச் சட்டென்று புரிந்தது. அறிவியல் வளர வேண்டும் என்று சொல்லி உடனே அனுமதி கொடுத்தார்.

பாட்டரிக்காரர் எல்லா மேசைக்கும் செய்து முடித்து, ஒரு திங்கட்கிழமை காலை ஸ்விட்சைப் போட்டார்.

டக் என்று விழ வேண்டிய பட்டை, "டர்ர்ர்" என்றது. திசை மாறும் ஒவ்வொரு முறையும் காந்தம் ஒரு நொடித் துணுக்கு விட்டுப் பிடிப்பதால், பட்டை நிலையாக ஒட்டாமல் நடுங்கியது. புள்ளி வந்தால் "டர்". கோடு வந்தால் "டர்ர்ர்ர்". ஒரு மேசை மட்டும் என்றால் பரவாயில்லை. கூடம் முழுக்க எல்லா மேசையும் சேர்ந்து டர்ரென்றபோது, தேன்கூட்டில் யாரோ கல்லெறிந்தது போல இருந்தது. எது என் சவுண்டர், எது பக்கத்து மேசை என்றே தெரியவில்லை. டக்குக்கும் டிக்குக்கும் நடுவே கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை. நான் அன்று காலை எழுதிய முதல் தந்தியில் உயிரெழுத்தே இல்லை.

இடியக்கா வழக்கம் போலப் பென்சிலைக் கடித்துச் சவுண்டரில் ஊன்றினார். உடனே வாயில் சுட்டது போலப் பென்சிலைத் துப்பினார். பல்லெல்லாம் கூசியிருக்க வேண்டும். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே முழங்கையை மேசையில் ஊன்றினார். அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

பின்னாளில் அவர் சொன்னது: மேசைப் பலகை முழுக்க அதிர்ந்ததாம். புள்ளி ஒரு சிலிர்ப்பு, கோடு ஒரு இழுப்பு. முழங்கை வழியாக ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, யாரோ கையைப் பிடித்து எழுத வைப்பது போல வந்ததாம். எங்களைக் குழப்பிய பக்கத்து மேசைச் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவே இல்லை. அவருடைய மேசை அவருக்கு மட்டும் பேசியது. இடது முழங்கையை ஊன்றியபடி வலது கையால் எழுத ஆரம்பித்தவர், மத்தியானம் வரை தலை நிமிரவில்லை. மற்ற லைன்களில் தேங்கிக் கிடந்ததையும் தன் மேசைக்கே மாற்றச் சொல்லி, ஒவ்வொன்றாக எழுதித் தள்ளினார். நடுவே ஒரு முறை என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்களால் முடியாததால் பாட்டரிக்காரர் பாதி ஜாடிகளை மறுபடி கழுவிக் கொண்டுவந்து அடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அதிகாரியின் சாய்வு நாற்காலி வந்து இறங்கியிருந்தது. மனிதர் நீல ஜாடிகளுக்கு நடுவே, மூக்கில் கைக்குட்டையோடு சாய்ந்து ஓய்வெடுத்தார்.

அந்தக் கோலத்தில்தான் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். அதிகாரி கெட்டிக்காரர். வந்தவரை வேறு எந்தப் பக்கமும் திரும்ப விடாமல் நேரே இடியக்காவின் மேசைக்கு அழைத்துப் போனார். ஆய்வாளர் அடுத்த அறையிலிருந்து தானே ஒரு செய்தியை அடித்தார். கடினமான ஊர்ப் பெயர்களாகப் பொறுக்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அக்கா முழங்கையை ஊன்றி, மோவாயைக் கையில் தாங்கி, ஏதோ அலுப்பில் இருப்பவர் போல எழுதி நீட்டினார். ஒரு பிழை இல்லை. ஆய்வாளர் ஊருக்குத் திரும்பிப் போய், பாட்டரியில்லாச் சவுண்டரைப் பற்றியும் அதைக் கொண்டுவந்த அதிகாரியின் தொலைநோக்கைப் பற்றியும் மேலிடத்துக்கு எழுதினார். அதிகாரி ஒரு புதுக் கோட்டு தைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்காவோடு ஒரே கூடத்தில் இருப்பது கொடுமையாக இருந்தது. என்ன, இன்னும் ஜாடியா என்று போகிற போக்கில் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுப் போவார். பாட்டரிக்காரரைத்தான் எல்லோரும் பழிவாங்கினோம். அவருக்கு வண்டு என்று பெயர் வைத்தோம். அவர் கூடத்துக்குள் வந்தால் நாலு மூலையிலிருந்தும் டர்ர்ர் என்று சத்தம் வரும். மனிதர் நேரே ஜாடி அறைக்குள் போய்விடுவார்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. நூலகத்துக்குப் போய், அக்காவின் கணவரிடமே கேட்டு மின்சாரப் புத்தகங்களை வாங்கிப் படித்தார். காந்தத்தின் முகத்தில் ஒரு பாதியைச் சுற்றிச் செம்பு வளையம் மாட்டினால், அந்தப் பாதியில் காந்தம் சற்றுப் பிந்தி வரும், ஒரு பாதி விடும்போது மறு பாதி பிடித்துக்கொள்ளும், பட்டை நடுங்காது என்று எதிலோ இருந்தது. செம்புக் குழாய் ஒன்றை வாங்கி வாழைக்காய் நறுக்குவது போல நறுக்கினார். என் சவுண்டரை மறுபடி கரண்டுக்கு மாற்றி, முதல் வளையத்தை அதில்தான் மாட்டிப் பார்த்தார். "டக்" என்றது. அம்மா கூப்பிட்டது போல இருந்தது எனக்கு. அந்த வாரத்துக்குள் எல்லா மேசையிலும் வளையம் ஏறியது. ஜாடிகள் ஒரேயடியாக ஒழிந்தன. அவருடைய மனைவி அவர் சட்டையைத் தன் புடவையோடு சேர்த்து ஊறப்போட்டதாக அவரே எங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

ஒரே ஒரு மேசையில் மட்டும் டர்ர்ர் நிற்கவில்லை. கூடத்தில் இப்போது அமைதி வந்துவிட்டதால் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. ஒரு வண்டு மிச்சமிருக்கும் வரை தன் பெயரும் போகாது என்று பாட்டரிக்காரருக்குக் கவலை. வளையத்தோடு அக்காவிடம் பல தடவை போனார். அக்கா வேலை இருக்கிறது, அப்புறம் வா என்று விரட்டினார். கடைசியில் அவர் அதிகாரியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, ஒரு நாள் காலை, கூட்டம் நிறைந்த நேரத்தில் திருப்புளியோடு வந்து நின்றார்.

"அக்கா, உங்களோடது மட்டும்தான் பாக்கி. ஒரு நிமிஷ வேலை. மாட்டிட்டா பூ மாதிரி இருக்கும்."

அக்கா அவர் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார். திருப்புளியைப் பார்த்தார். இனி விரட்ட முடியாது என்று புரிந்துவிட்டது. சட்டையின் முன்பக்கத்தைப் பற்றி அவரைக் கீழே இழுத்து, அவர் காதோடு தன் வாயை வைத்து, ரகசியம் சொன்னார்.

காது கேட்காத ஒருவருக்குத் தன் ரகசியம் எவ்வளவு சத்தம் என்று எப்படித் தெரியும்?

"தம்பி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். யாருகிட்டயும் வாயைத் திறக்காதே. எனக்குக் காது கேக்காது. சுத்தமா கேக்காது. இந்த அதிர்வை வச்சுத்தான் எழுதறேன். நீ வளையத்தை மாட்டினா என் பொழப்புப் போச்சு. இங்க இருக்கற பயலுங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பானுங்க. அந்த ஆளுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான்."

அந்த ஆள் தன் அறை வாசலில் புதுக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தந்தி கொடுக்க வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூடத்தில் ஒரு பேனா ஓடவில்லை. பாட்டரிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். அவர் உதட்டைப் பார்த்து அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அழுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆமா, கேக்காது. அதுக்கென்ன? எழுதறேன்ல?"

அதே நேரம் அவருடைய சவுண்டர் டர்ர்ர் என்றது. உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி, வந்த தந்தியை எழுத ஆரம்பித்தார். என் வாயில் இருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தேன்.

அதிகாரி அவரை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, விதி, மருத்துவச் சான்று, கட்டாய ஓய்வு என்று நீளமாகப் பேசியிருக்கிறார். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கோட்டின் முதுகுதான். இங்கே பாத்துப் பேசுங்க என்று இவர் அதட்டிய நேரத்தில் பாட்டரிக்காரர் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார். அவருக்கு அக்கா மேல் பாசம் பொங்கியது என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அவருடைய சவுண்டர்தான் பெரிது.

"சார், மேல ரிப்போர்ட் போயாச்சு. அன்னிக்கு ஆய்வாளருக்கு எழுதிக் காட்டினது இவங்க. இவங்களுக்குக் காது கேக்காதுன்னு நீங்க இப்போ எழுதினா, அந்த மெஷினைக் காது கேக்கற ஒருத்தராலயும் வாசிக்க முடியலன்னு அங்க கண்டுபிடிச்சுடுவாங்க. என் பேரும் போகும். உங்க பேரும் போகும்."

அதிகாரி தன் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். அப்புறம் இருவரையும் பார்த்துச் சொன்னார்:

"யாரு என்ன சொன்னாங்க? எனக்கு ஒண்ணும் காதுல விழலையே."

என்ன சொன்னார் என்று அக்கா கேட்டார். பாட்டரிக்காரருக்குத் தந்திப் பாஷை அரைகுறைதான். அக்காவின் கையைப் பிடித்து மேசையில் வைத்து, பக்கத்திலேயே விரலால் தட்டினார். தப்பும் தவறுமாகத் தட்டியது அக்காவுக்குப் புரிந்தது: அவரும் செவிடு. அக்கா சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே நாங்கள் வேலை போய்த்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் ஆள் ஒருவன் நூலகத்துக்கே ஓடிப் போய்ச் சொல்லிவிட்டான், அதுவும் படிக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி. அக்கா வீடு திரும்பியபோது கணவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்துப் போய், ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் கேட்டார், எத்தனை வருஷமாக என்று. அக்கா சொன்னார். இவ்வளவு நாளும் அவர் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் பேச்சு மனைவிக்கு அலுத்துவிட்டது, மரியாதைக்காகத் தலையாட்டுகிறாள், இருந்தாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று அதற்கே நன்றியோடு இருந்திருக்கிறார்.

அப்புறம் இருவரும் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதற்கெல்லாம் தலையாட்டினாய் என்று அவர் எழுதிக் கேட்க, இவர் திகைக்க, நேரம் போனது. கணவருடைய தமக்கை வந்து மாதக்கணக்கில் தங்கியது கூட இப்படித்தான். வரச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டபோது இவர் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டியிருக்கிறார். என் மனைவி மாதிரி ஒரு நல்ல மனசு உண்டா என்று அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுக்கா கேட்டீங்க?" என்றார் அக்கா. "நான் ஏதோ கதை சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அவர் எழுதினார்: இவ்வளவு நாளும் ஒன்றும் கேட்காமல் எப்படி உட்கார்ந்திருந்தாய்?

"பாத்துக்கிட்டு இருப்பேன். நீங்க பேசறப்போ புருவம் மேல போகும், கை ஆடும். நல்லா இருக்கும்."

நூலகத்துக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கோபம் என்று நினைத்து அக்கா பின்னாலேயே போகவில்லை. திரும்பி வந்தபோது மீசை இல்லை. அந்தக் காட்டுக்குக் கீழே இருந்த மேலுதடு மெல்லியதாக, பள்ளிக்கூடப் பையனுடையது போல, வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு இருந்ததாம். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உதட்டை அசைத்து ஒரு வாக்கியம் சொன்னார். புரியவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை புரிந்துவிட்டது. என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். அது உனக்கு எதுக்கு என்று ஒரே அதட்டல்.

அலுவலகத்தில் எங்களுக்கு இரக்கம் வந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருவன் அவர் முகத்துக்கு நேரே எச்சில் தெறிக்கக் கத்தினான். இன்னொருவன் தேநீர் வேண்டுமா என்பதைக் கையாலேயே அடுப்பு மூட்டி, பால் கறந்து, நடித்துக் காட்டினான். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் அத்தனை பேரையும் நிற்க வைத்து, எங்கள் தந்திகளில் அந்த மாதம் இருந்த பிழைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். தெருவுக்கே கேட்டது. அதோடு இரக்கம் முடிந்தது.

உதடு படிப்பதில் அவர் கெட்டிக்காரராகிவிட்டார். கூடத்தின் அந்தக் கோடியில் இருவர் குசுகுசுத்தாலும் இங்கிருந்தே பதில் சொல்வார். பேச்சு பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது அது உண்மையாகவே திமிர்தான், ஆனால் எங்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வளையம் இல்லாத அந்தச் சவுண்டர் அவர் மேசையிலேயே இருந்தது. அதிகாரிகள் மாறிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொருவரும் அந்த டர்ர்ர் என்ன என்று கேட்பார்கள். மேலிடத்துச் சோதனைக் கருவி, கை வைக்கக் கூடாது என்று பாட்டரிக்காரர் முகம் மாறாமல் சொல்லிவிடுவார். வேறு மேசைக்கு மாற்றித் தாருங்கள் என்று நான் பல முறை கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அக்கா தண்டவாளத்தை ஒட்டி ஒரு வீடு பார்த்தார். சத்தம் தாங்காமல் எல்லோரும் காலி செய்து போன வீடு. நான் ஒரு முறை போயிருந்தேன். நூலகத்துக்காரர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. தரை, நாற்காலி, டம்ளர், நான், எல்லாம் ஆடினோம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் பதித்துக் கண்ணை மூடியிருந்தார். ரயில் போனதும் கண்ணைத் திறந்து, இன்னிக்கு ஒரு பெட்டி அதிகம் என்றார். கணவர் பஞ்சை எடுத்துவிட்டு என்ன என்று கேட்டார். அக்கா மறுபடியும் சொன்னார். அதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டது.